பழைய ஆயிலை விட்டுரச் சொன்னாரு

அர்த்தநாரிக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக இறுகியிருக்கிற நட்டையும் இன்னொரு சுற்று சுற்றிப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் போகிற சாலையில், என் புண்ணாக்குக் கடைக்கு நேர் எதிரே அவனுடைய ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப் என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். நாலு தென்னந்தடி, மேலே தகரம், நடுவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் இறங்கி அவன் பார்க்காத வண்டி எங்கள் பக்கத்தில் இல்லை. பம்ப்செட் என்ஜின், அம்பாசடர், லாரி, ஒருமுறை பஞ்சாயத்து ரோடு ரோலர்கூட. கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமே கிடையாது. கெட்டிக்காரர்களுக்கு வருகிற வியாதியும் அவனுக்கு இருந்தது. தெரியாது என்கிற சொல் அவன் வாயில் வராது.

இப்போது ஊரில் அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள், செங்கோட்டையனுக்கு அவன் செய்கிற பணிவிடையைத்தான் பேசுகிறார்கள். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்கிறார்கள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செங்கோட்டையன் வசதியான விவசாயி. நெல், தென்னை, மேட்டில் கொஞ்சம் நிலக்கடலை. கிணற்றை ஆழப்படுத்தும்போது கல் சரிந்து அவருடைய இடது கால் நசுங்கியது. கோயமுத்தூரில் வைத்துப் பார்த்ததில் கால் தப்பியது. ஆனால் முட்டி மடங்காது, பாதத்தில் பலம் கிடையாது. அதுவரை மோட்டார் சைக்கிளில் தோட்டந்துரவெல்லாம் சுற்றிய மனிதர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போவதற்கும் யாரையாவது கேட்க வேண்டும். கேட்பதென்றால் அவருக்கு உயிர் போகும். ஒருமுறை மாட்டு வண்டியில் தூக்கி ஏற்றும்போது ஆள்காரன் ஒருவன் லேசாகச் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் வாசல் தாண்டவே மாட்டேன் என்றுவிட்டார். அவர் மனைவி கமலாத்தாள் பருத்திக்கொட்டை வாங்க என் கடைக்கு வருவாள். "பேசறதே இல்லீங்க. செவுத்தப் பார்த்துட்டே உக்காந்திருக்கறாருங்க" என்று சொல்லி நின்று அழுதிருக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் மூணாறு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது அவருடைய அமெரிக்கக் காரை விற்றார். எழுபத்துமூன்றாம் வருஷமோ நாலோ இருக்கும். மலையெல்லாம் ஏறி இறங்கி உழைத்த கார் அது. மைல் காட்டும் மீட்டர் கடைசி எண் வரைக்கும் ஓடி முடித்து, மறுபடி பூச்சியத்திலிருந்து கிளம்பியிருந்தது. ஆனால் அதில் கிளச் கிடையாது. கீழே இரண்டே பெடல், ஒன்று ஓட, ஒன்று நிற்க. கியர் தானாக மாறிக்கொள்ளும். இடது காலுக்கு வேலையே இல்லை. யாரோ வந்து சொல்ல, செங்கோட்டையன் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிவிட்டார்.

முதல் நாள் தானே ஓட்டிக்கொண்டு வந்து என் கடை முன்னால் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, "யாரையுங் கேக்காம வந்தனப்பா" என்றார். அன்றிலிருந்து மனிதர் பழையபடி ஆனார். வரப்போரம் காரை நிறுத்தி ஜன்னல் வழியாகவே ஆட்களைத் திட்டுவார். சித்தூருக்குப் போவார், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவார், ஒரு வேலையும் இல்லாமல் செக்போஸ்ட் வரை போய்த் திரும்புவார். கிளச்சில்லா வண்டி என்று ஊரில் அதற்குப் பேர். அது அவருக்குக் கார் இல்லை, கால்.

பிரேக்கு, பிளக்கு, என்ஜின் ஆயில் எல்லாம் அர்த்தநாரிதான் பார்த்தான். கியர் பாக்ஸை மட்டும் தொட்டதில்லை. அந்த மாதிரிப் பெட்டியை அதற்கு முன்னால் அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்க்காதது அவனுக்கு நமைச்சலாகவே இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தால் மட்டும் போதாது. பழைய ஆயிலோடு எந்த எந்திரமும் பூசையில் நிற்கக் கூடாது என்று ஒரு வழக்கம். கிணற்று மோட்டாரிலிருந்து லாரி வரை எல்லாவற்றுக்கும் புது ஆயில் ஊற்றியாக வேண்டும். புரட்டாசி பிறந்தால் அர்த்தநாரிக்குத் தலை சொறிய நேரமிருக்காது. எழுபத்தாறாம் வருஷம் பூசைக்கு முன்னால் செங்கோட்டையனின் கார் வந்தது. மற்றதையெல்லாம் முடித்துவிட்டு, கியர் பாக்ஸின் அளவுக்கம்பியை உருவித் துணியில் துடைத்தான். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. மோந்து பார்த்தான். கருகிய வாடை.

"ஏனுங்கண்ணா, இதப் பாருங்க" என்று ஜன்னலருகே கொண்டுபோய்க் காட்டினான். "கருகிப்போய்க் கெடக்குதுங்க. இத எறக்கிப்போட்டு, உள்ள நல்லா அலசிப்போட்டு, புதுசு ஊத்திரலாமுங்க. கோயமுத்தூர்ல செவப்பு ஆயில் கெடைக்குதுங்க."

"வண்டி நல்லாத்தான ஓடுது?"

"ஓடுதுங்க. எத்தன நாளைக்குங்க? பூசைக்கு இந்தக் கருமத்தோட நிக்க வெக்கறதுங்களா?"

செங்கோட்டையன் கொஞ்சம் யோசித்தார். "மூணாறு தேயிலைத் தோட்டத்துல சுடலைன்னு ஒரு மெக்கானிக்கு. இத்தன வருசமும் இந்த வண்டியப் பார்த்தவரு அவருதான். அவர ஒரு வார்த்த கேட்டுப்போடு. அவரு சொல்றபடி செய்யி."

அர்த்தநாரிக்குச் சுருக்கென்று தைத்தது. முகம் சுருங்கியது எனக்கே தெரிந்தது. ஆனாலும் கேட்டனுப்பினான். வட்டவடையிலிருந்து முட்டைக்கோசும் பூண்டும் ஏற்றிக்கொண்டு, உடுமலை, பொள்ளாச்சி சுற்றி எங்கள் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகிற லாரி ஒன்று உண்டு. டிரைவர் வீரபாண்டி, அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். சுடலைக்குச் சொந்தக்காரன் மாதிரி. அவனிடம் சொல்லிவிட்டான்.

அடுத்த நடையில் வீரபாண்டி என் கடை முன்னால் புளிய மரத்தடியில் லாரியை நிறுத்தி, அர்த்தநாரியைக் கூப்பிட்டான்.

"சுடலை அண்ணாச்சியப் பாத்தேன். வண்டி ஓட்டத்துல ஏதும் கொறையிருக்கான்னு கேட்டாரு. இல்லையாம்னேன். அப்ப பழைய ஆயில விட்டுரச் சொன்னாரு."

அவ்வளவுதான் சேதி. எனக்குக் கேட்கிற தூரம். அதில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிற்பாடு யோசித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. தொடாமல் அப்படியே இருக்கட்டும் என்று விடுவதும் விடுவதுதான். மடையைத் திறந்து தண்ணீரை வெளியே விடுவதும் விடுவதுதான். சுடலை முதலாவதைச் சொல்லியனுப்பினார். வயலுக்குத் தண்ணீர் விட்டே பிழைக்கிற எங்கள் ஆட்களுக்கு இரண்டாவதும் காதில் விழும்.

வீரபாண்டி உடனே கிளம்பிவிடவில்லை. டயரைத் தட்டிப் பார்த்தான், தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டினான், என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அர்த்தநாரி கையில் எண்ணெய்த் துணியோடு அங்கேயே நின்றான். ஏதோ கேட்க வாயெடுத்தவன் கேட்கவில்லை. லாரி போய்விட்டது.

மறுநாள் செங்கோட்டையன் வந்து, "சேதி வந்துதா?" என்று கேட்டதற்கு, "மாத்தச் சொல்லிட்டாருங்கண்ணா" என்றிருக்கிறான். நான் கடையில் இல்லாத நேரம். இதை அவனே என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து.

வேலையில் குறை சொல்ல முடியாது. நேரில் கோயமுத்தூர் போய்ச் சரியான ஆயிலை வாங்கி வந்தான். பழசை இறக்கினான். கொஞ்சம் ஊற்றி என்ஜினை ஓடவிட்டு இறக்குவான், மறுபடி ஊற்றுவான், இறக்குவான். ரத்தச் சிவப்பாகச் சுத்தமாக வருகிற வரை அலசினான். பூசையன்று அந்த மாதிரி ஒரு வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கவில்லை. வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து செங்கோட்டையனே நசுக்கி ஓட்டினார். முன்னைக்கு இப்போது இன்னும் அலுங்காமல் போகிறது என்று அவர் சொன்னபோது அர்த்தநாரி காலரைத் தூக்கிவிடாத குறை.

தீபாவளிக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. பொள்ளாச்சியிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தவருக்கு, கோபாலபுரம் தாண்டிச் சின்ன மேடு ஒன்றில் என்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சத்தம்தான் ஏறியது. பிறகு கார் மெல்லப் பின்னால் உருண்டு சாலையோரத்துப் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. நடு உச்சி வெயில். கதவைத் திறந்து கூப்பிட்டிருந்தால் கள்ளிறக்குகிறவர்கள் ரெண்டு பேர் பக்கத்துத் தோப்பிலேயே இருந்தார்கள். அவர் கூப்பிடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். செக்போஸ்ட் ஆள் ஒருவர் தற்செயலாகப் பார்த்து, நாலு பேராகத் தூக்கித் தேங்காய் ஏற்றிப் போன மாட்டு வண்டியில் வைத்தார்கள்.

தேங்காய்க் குவியலின் மேல் சாய்ந்தபடி அவர் எங்கள் கடைகளைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். அர்த்தநாரி ஓடி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னமோ ஆயிப்போச்சு. போயிப் பாரு" என்றார் செங்கோட்டையன். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குப் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

காரைக் கட்டி இழுத்து வந்து பெட்டியைப் பிரித்தான். உள்ளே ஒன்றையொன்று கவ்வி வண்டியை இழுக்கிற தட்டுகளில் இருக்க வேண்டிய பிடிமானப் பூச்சு தேய்ந்து வெறும் இரும்பு தெரிந்தது. வீரபாண்டியின் லாரியிலேயே சுடலை இறங்கி வந்தார். பிரித்துப் போட்டதைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"ஆரம்பத்துலருந்து வருசா வருசம் மாத்தியிருந்தா புது ஆயிலு நல்லதுதான் தம்பி. அந்தத் தொரை மாத்த விடல. தேஞ்ச பொடியெல்லாம் ஆயில்லதான் கெடந்துச்சு. அந்த அழுக்குதான் தட்டுக்குப் பிடி குடுத்துச்சு. நீங்க அலசி அதையும் எடுத்துட்டீங்க. கொறஞ்சா ஊத்திக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓடியிருக்கும். நாந்தான் விட்டுரச் சொன்னேனே."

கோயமுத்தூர், மதராஸ், கொச்சி எங்கே தேடியும் அந்தத் தட்டு கிடைக்கவில்லை. கார் வண்டிக் கொட்டகைக்குள் போயிற்று. செங்கோட்டையன் கட்டிலுக்குப் போனார்.

கள்ளுக்கடையில் ஒரு மாதத்துக்கு இதே பேச்சு. விட்டுரு என்றால் இருக்க விடுவதா, இறக்கி விடுவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள். வெவரமாகச் சொல்லத் தெரியாத மலைக்காரன் வீரபாண்டிதான் குற்றவாளி. ஒருவன் அவன் முகத்துக்கு நேராகவே, "சேதி சொல்லத் தெரியாதவனுக்கு லாரி எதுக்கு?" என்று கேட்டுவிட்டான். வீரபாண்டியின் லாரி அதற்கப்புறம் என் புளிய மரத்தடியில் நின்றதே இல்லை. அர்த்தநாரி அன்றைக்கு அங்கேதான் இருந்தான், தலையைக் குனிந்துகொண்டு.

அதன் பிறகு அவன் வேறு ஆளாகிவிட்டான். யார் எதைச் சொன்னாலும் மூன்று தரம் திருப்பிக் கேட்டான். "பிரேக்கப் பாத்து விடு" என்று சொன்னால், "பாத்துட்டு அப்பிடியே விட்டறதுங்களா, சரி பண்ணி விடறதுங்களா?" என்பான். பையன்கள் அதையே சொல்லிக் கேலி செய்தார்கள். ஆயுத பூசை வந்தால் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போய்விடுவான். ஓடுகிற எந்தப் பெட்டியையும் பிரிக்க மறுத்தான். பிழைப்புப் படுத்தது.

தை மாதம் ஒரு பழைய அம்பாசடரைப் பிடித்துத் தேற்றினான். ஒருநாள் விடியக்காலையில் செங்கோட்டையன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "எங்க போவணுமுன்னாலும் சொல்லுங்கண்ணா" என்று நின்றான். அவர் ஏற மாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கூடப்பிறந்த தம்பி கார் அனுப்பினபோதே ஏறாத மனிதர். அவனை நெடுநேரம் பார்த்துவிட்டு, கையை நீட்டினார். அவன் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தான்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. தோட்டத்துக்கு, சந்தைக்கு, சித்தூருக்கு, கலியாணத்துக்கு. எந்த நேரம் ஆள் வந்து கூப்பிட்டாலும் கையிலிருக்கிற ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடுவான். கூலி வாங்க மாட்டான். அவன் மனைவி மருதாத்தாள் என்னிடம் வந்து, "ஒர்க்‌ஷாப்பு வெச்சிருக்கறாங்களா, டிரைவர் உத்தியோகம் பாக்கறாங்களா, நீங்களே கேளுங்க" என்று பொரிந்து தள்ளுவாள். செங்கோட்டையன் அவனிடம் நடந்துகொண்ட விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவாகப் போ, நிறுத்து, திருப்பு. இதைத் தவிர ஒரு நல்ல வார்த்தை கிடையாது. மற்றவர்களிடம் தண்ணீர் கேட்பதற்கே கூசுகிற மனிதர் இவனை மட்டும் வேலைக்காரனைப் போல ஏவினார். நன்றிகெட்ட மனிதர் என்று நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

அப்படிச் சொன்ன ஒரு நாளில்தான் அர்த்தநாரி உடைந்துபோய் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"எனக்கு ரெண்டு மாதிரியும் கேட்டுச்சுங்க. வீரபாண்டி சொன்ன அந்த நிமிசமே கேட்டுச்சு. எதுன்னு கேட்டா, தொடாதன்னு சொல்லிப்போடுவானோன்னு பயந்து கேக்காம விட்டேன். அப்பறம் அண்ணங்கிட்டப் போயி மாத்தச் சொன்னாருன்னு வார்த்தையவே மாத்திச் சொல்லிப்போட்டேன். ஊரு அவனத் திட்டறப்பவும் வாயத் தொறக்கல."

"செங்கோட்டையங்கிட்டச் சொல்லிரு."

"சொன்னா அப்பறம் என்ற வண்டியில ஏற மாட்டாருங்க. மறுபடியும் செவுத்தப் பார்த்து உக்காந்துக்குவாரு. ரெண்டாவது தடவையும் அந்தக் கால நானே எடுத்த மாதிரி ஆயிப்போகுமுங்க."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயம் அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்றாம் வருஷம் சித்திரையில் பொள்ளாச்சிச் சந்தைக்கு அவர்களோடு நானும் போனேன். பின்சீட்டில் நானும் கத்தரிக்காய் மூட்டையும். செக்போஸ்டில் நிறுத்தியபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் ஜன்னலில் குனிந்து, "அர்த்தநாரி மாதிரி ஒரு மனுசன் கெடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கோணும். அந்த மலைக்காரப் பய கெடுத்தத இவன் ஈடு கட்டறான்" என்றார். வழக்கமாகக் கேட்கிற பேச்சுதான். அர்த்தநாரிக்கு அன்றைக்கு என்ன ஆயிற்றோ, கேட்டைத் தாண்டியதும் ஒரு வேப்ப மரத்தடியில் காரை ஓரங்கட்டினான்.

"அண்ணா, வீரபாண்டி மேல தப்பில்லீங்க. அவன் விட்டுரச் சொன்னாருன்னுதான் சொன்னான். எனக்கு ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சுதுங்க. தெரிஞ்சேதான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

இனி இந்த மனிதர் இறங்கிக்கொள்வேன் என்பார், இந்த வெயிலில் என்ன செய்வது என்றுதான் எனக்கு ஓடியது.

"தெரியும்" என்றார் செங்கோட்டையன்.

அர்த்தநாரி திரும்பிப் பார்த்தான்.

"சுடலை வந்துட்டுப் போன அன்னிக்கே வீரபாண்டி என்ற ஊட்டுக்கு வந்தான். என்ன சொன்னானோ அதையே வார்த்த மாறாம எங்கிட்டச் சொல்லிப்போட்டுப் போனான். விட்டுரச் சொன்னாருன்னு நீயும் அதே வார்த்தையக் கொண்டாந்திருந்தீன்னா, எதடான்னு நாங் கேட்டிருப்பேன். நீ வார்த்தையவே மாத்திக் கொண்டாந்தே. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏனுங்கண்ணா என்ற வண்டியில ஏறுனீங்க?"

"தெரிஞ்சதுனாலதான் ஏறுனேன்." அவர் முன்னால் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அறியாமப் பண்ணியிருந்தீன்னா நீ ஓட்டறது உதவி. உதவிக்கு நாந் தெனமும் உனக்குக் கும்பிடு போடோணும். என்னால ஆவாது. கட்டில்லயே கெடந்து செத்திருப்பேன். இது உதவியில்ல, கடன். அதனாலதான் கூச்சமில்லாம உன்னயக் கூப்பிட முடியுது."

அர்த்தநாரி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. துண்டை எடுத்துவிட்டு, "இது எப்பத் தீருமுங்கண்ணா?" என்று கேட்டான்.

"தீந்துபோச்சுன்னா அப்பறம் நா யாரக் கூப்பிடறது?" என்றார் செங்கோட்டையன், கோபமே இல்லாமல். "வண்டிய எடு. கத்தரிக்கா வாடுது."

அர்த்தநாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.